‘ஃபர்ஸ்ட் லவ்’ ஆல்பம் உங்கள் கைக்கு எப்படி வந்தது?

நிஷிகசாய்வாசி

டோக்கியோவில் எனக்கு அது முதல் குளிர்காலம். ரயில் நிலையத்துக்குப் போகிற வழியில் ஒரு பழைய சிடி கடை. வாசலில் பிளாஸ்டிக் கூடை, எதை எடுத்தாலும் 110 யென். கிளறிப் பார்த்தால் ஒரே பெண்ணின் முகம் ஏழெட்டுத் தடவை வருகிறது. பாவம், யாரும் சீண்டாத ஆல்பம் போல என்று இரக்கப்பட்டு ஒன்றை வாங்கினேன்.

மறுநாள் அலுவலகத்தில் சொன்னதும் பக்கத்து இருக்கைக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். ஜப்பானியப் பாடகி உதாதா ஹிகாருவின் ‘ஃபர்ஸ்ட் லவ்’ அது. 1999 மார்ச் 10 அன்று வந்தது. ஜப்பானிலேயே அதிகம் விற்ற ஆல்பம், 76 லட்சத்துக்கும் மேல். அன்றைய மக்கள்தொகைக்குக் கணக்குப் போட்டால் பதினாறு, பதினேழு பேருக்கு ஒன்று. எல்லார் வீட்டிலும் இருப்பதால்தான் கூடையில் கிடக்கிறது.

அப்போது என் ஜப்பானிய மொழி அரைகுறை. தலைப்புப் பாடலின் முதல் வரியில் ‘கிஸ்’, ‘தபாகோ’, ‘ஃப்ளேவர்’ மூன்றும் பிடிபட்டன. கடைசி முத்தத்தில் புகையிலை மணம் என்று கூட்டிப் படித்துவிட்டு அட்டையைத் திருப்பிப் பார்த்தேன். எழுதிப் பாடியதும் அவரே. ஆல்பம் வந்தபோது வயது 16! பதினாறில் எனக்குக் கணக்குத் தேர்வைத் தவிர வேறு துக்கம் கிடையாது.

உங்கள் கதைகளைச் சொல்லுங்கள்.

தயிர்சாதம்

நான் நாகோயா. வருடக் கடைசி போனென்காய் விருந்து முடிந்து எல்லாரும் கரோக்கே போனோம். நாள் முழுக்கப் பத்து வார்த்தை பேசாத எங்கள் பிரிவுத் தலைவர் மைக்கை வாங்கி இந்தப் பாட்டைப் போட்டார். பல்லவியில் ஆங்கிலம் வருவதால் ‘நீயும் வா’ என்று என்னையும் இழுத்துவிட்டார்கள். முக்கால் பாட்டு வரை சமாளித்தேன். கடைசியில் சுருதி மேலே ஏறும் பாருங்கள், அந்த இடத்தில் இரண்டு பேரும் கவிழ்ந்தோம். மெஷின் கொடுத்த மதிப்பெண்ணைச் சொல்ல மாட்டேன்.

திரும்பும் வழியில் அவரே பேச்செடுத்தார். 1999இல் டிபிஎஸ் தொலைக்காட்சியில் ‘மஜோ நோ ஜோகென்’ தொடர் வந்ததாம். ஆசிரியைக்கும் மாணவனுக்கும் காதல், மட்சுஷிமா நனாகோ நடித்தது. இந்தப் பாட்டுதான் அதன் தீம். ஆல்பம் வந்து ஒன்றரை மாதம் கழித்து, ஏப்ரல் 28 அன்று அதே பாட்டைத் தனி சிங்கிளாகவும் விட்டார்கள். கையில் ஆல்பம் இருந்தும் சிங்கிளையும் வாங்கினாராம், கல்லூரியில் பழகிய ஒரு பெண்ணுக்குக் கொடுக்க.

“கொடுத்தீர்களா சார்?” என்றேன்.

“வீட்டில்தான் இருக்கிறது” என்றார். அப்புறம் அவருடைய ரயில் வந்துவிட்டது.

மாடிவீட்டுக்காரி

எனக்கு இது என் வீட்டுக்கார அம்மாவோடு சேர்ந்த நினைவு. 2016இல் அவருக்கு எழுபத்திரண்டு வயது. நான் இந்த ஆல்பத்தைக் கேட்டுக்கொண்டிருந்த ஒரு மாலையில் குப்பை நாள் அட்டவணை கொடுக்க வந்தவர், “ஓ, ஃபுஜி கெய்கோவின் மகள்” என்றார். எனக்கு யாரென்று தெரியவில்லை.

உள்ளே போய் ஓர் இசைத்தட்டை எடுத்துவந்தார். 1970இல் நாட்டையே கட்டிப்போட்ட எங்கா பாடகி ஃபுஜி கெய்கோ. எங்கா என்பது சோகம் ததும்பும் ஜப்பானியப் பாட்டு வகை. கரகரத்த, அடிவயிற்றிலிருந்து வரும் குரல். தாய் பாடுவது இரவு விடுதியின் சோகம், மகள் பாடுவது அமெரிக்கப் பாணி ஆர் அண்ட் பி. ஆனால் நீட்டும் இடங்களில் வரும் அந்த நடுக்கம்? எனக்கென்னவோ அது தாய்வழிச் சொத்து என்றே தோன்றுகிறது.

தாய் 2013இல் இறந்துவிட்டார். அப்போது மகள் பாடுவதையே நிறுத்தி வைத்திருந்தார். 2016 செப்டம்பரில் தாய்க்குக் காணிக்கையாக ‘ஃபான்தோம்’ ஆல்பத்தோடு திரும்பி வந்தபோது, வீட்டுக்கார அம்மாவுக்கு ஒன்று வாங்கிப் போனேன். அவரிடம் சிடி போடும் கருவி இல்லை. என் மடிக்கணினியில் போட்டு, ஆளுக்கொரு காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு கேட்டோம். ‘ஃபர்ஸ்ட் லவ்’ காதலனைப் பற்றிய பாட்டுத்தான், சந்தேகமில்லை. ஆனாலும் அன்றிலிருந்து அதைக் கேட்டால் எனக்குக் காதலன் யாரும் நினைவுக்கு வருவதில்லை.

ரயில்பைத்தியம்

எல்லாரும் அந்த ஒரு பாட்டிலேயே உருகுகிறீர்கள். ஆல்பத்தின் உயிர் ‘ஆட்டோமேட்டிக்’தான். 1998 டிசம்பரில் அவர் அறிமுகமானதே அதில்தானே! வீடியோவில் கூரை தாழ்ந்த அறையில் குனிந்தபடியே ஆடுவார். ஆல்பத்தின் பின்பாதியில் இரண்டு பாட்டு எனக்கு ஒட்டவே இல்லை. கோபிக்க வேண்டாம்.

சப்போரோ ஜன்னல்

நான் தாமதமாக வந்த கூட்டம். 2022 நவம்பரில் நெட்ஃப்ளிக்ஸில் ‘ஃபர்ஸ்ட் லவ் ஹட்சுகோய்’ தொடர் வந்த பிறகுதான் கேட்டேன். மிட்சுஷிமா ஹிகாரி அதில் டாக்ஸி ஓட்டுநர். கதை நடப்பது எங்கள் ஹொக்கைடோ என்பதால் பனியைப் பார்க்கவே உட்கார்ந்தேன். அந்தக் குளிர்காலத்தில் பள்ளிப் பிள்ளைகள்கூட அந்தப் பாட்டை முணுமுணுத்துக்கொண்டு போவார்கள். பாட்டுக்கு அவர்களைவிட வயது அதிகம்.

நிஷிகசாய்வாசி

தயிர்சாதம், உங்கள் தலைவர் கதையைப் படித்ததும் சொல்லாமல் விட்ட ஒன்று ஞாபகம் வருகிறது. என் 110 யென் சிடியின் பாட்டுப் புத்தகத்தில் ஒரு புரிகுரா படம், அதாவது மெஷினில் எடுக்கும் ஸ்டிக்கர் போட்டோ, ஒட்டியிருந்தது. தபால்தலை அளவுதான். பள்ளிச் சீருடையில் ஒரு பையனும் ஒரு பெண்ணும், ஓரத்தில் 99 என்று எழுதி ஒரு நட்சத்திரம். ‘ஃபர்ஸ்ட் லவ்’ வரிகள் இருக்கும் பக்கத்திலேயே ஒட்டியிருக்கிறார்கள். விற்றது இருவரில் யாரோ தெரியாது. கடைக்காரரிடம் காட்டினேன், “குறை இருந்தால் மாற்றித் தருகிறேன், கூடையில் நிறைய இருக்கிறது” என்றார்.

மாற்றவில்லை.