பழைய சீரியல் மவுஸுக்கு டாஸில் எந்த டிரைவர் பொருந்தும்?

கேள்வி:
எம்எஸ்-டாஸ் 6.22 இயங்குதளமும் விண்டோஸ் 3.1-உம் உள்ள ஒரு 386 கணினியைச் சீர்செய்து வருகிறேன். அதனுடன் கிடைத்த மூன்று பொத்தான் மவுஸில் நிறுவனத்தின் பெயரும் இல்லை, அதை இயக்கும் மென்பொருளான டிரைவர் உள்ள ஃபிளாப்பியும் இல்லை. அதன் 9 பின் இணைப்பை ஓர் அடாப்டர் வழியாகப் பின்புறமுள்ள 25 பின் போர்ட்டில் செருகியிருக்கிறேன். இலவச டாஸான ஃப்ரீடாஸுடன் வரும் க்யூட்மவுஸ் டிரைவரை இயக்கினால், காம்1-இல் (முதல் சீரியல் போர்ட்டில்) மவுஸ் சிஸ்டம்ஸ் முறையில் நிறுவப்பட்டதாகச் செய்தி வருகிறது. ஆனால் எடிட் நிரலில் கர்சர் அசையவே இல்லை. இந்த மவுஸுக்கென்றே எழுதப்பட்ட டிரைவரைத் தேட வேண்டுமா?

பதில் 1:
தேட வேண்டியதில்லை, நண்பரே. அக்காலச் சீரியல் மவுஸ்களில் பெரும்பாலானவை மைக்ரோசாஃப்ட் முறை, மவுஸ் சிஸ்டம்ஸ் முறை ஆகிய இரண்டில் ஒன்றையே பின்பற்றின. இரண்டுக்கும் வேகம் 1200 பாட், அதாவது நொடிக்கு 1200 பிட். முன்னது 7 பிட்டாக மூன்று பைட்டுகளையும், பின்னது 8 பிட்டாக ஐந்து பைட்டுகளையும் அனுப்பும். டிரைவர் சீரியல் போர்ட்டின் ஆர்டிஎஸ் என்ற சைகைக் கம்பியை ஒருமுறை அணைத்து ஏற்றினால், மைக்ரோசாஃப்ட் முறை மவுஸ் ‘எம்’ என்ற ஆங்கில எழுத்தை அனுப்பித் தன்னை அறிவிக்கும். மற்றதற்கு அந்த வழக்கமே கிடையாது. ஆகவே எந்தப் போர்ட்டிலிருந்தும் பதில் வராதபோது, முதல் போர்ட்டில் மவுஸ் சிஸ்டம்ஸ் மவுஸ் இருப்பதாக க்யூட்மவுஸ் தானே வைத்துக்கொள்கிறது. நீங்கள் கண்ட செய்தி அவ்வளவுதான். காம்1-இல் ஒன்றுமே செருகாவிட்டாலும் அது வரும்.

உங்கள் 25 பின் போர்ட் பெரும்பாலும் காம்2 ஆகத்தான் இருக்கும். மவுஸைத் திருப்பிப் பாருங்கள். அடியில் எம்எஸ், பிசி என்று குறித்த சிறு சுவிட்ச் இருந்தால் அதை எம்எஸ் பக்கம், அதாவது மைக்ரோசாஃப்ட் பக்கம், தள்ளிவிட்டு டிரைவரை மீண்டும் ஏற்றுங்கள்.

பதில் 2:
அடாப்டரையும் சோதித்துவிடுங்கள். சீரியல் மவுஸுக்குத் தனி மின்சாரம் கிடையாது. ஆர்டிஎஸ், டிடிஆர் என்ற போர்ட்டின் சைகைக் கம்பிகளிலிருந்தே அது மின்சாரம் பெறுகிறது. சில அடாப்டர்களில் அக்கம்பிகள் இணைக்கப்பட்டிருக்காது, அப்படியானால் எந்த டிரைவராலும் பயனில்லை. வட்ட வடிவ 9 பின் இணைப்பு உள்ளவர்கள் கவனிக்க: அது பஸ் மவுஸ். அதற்கு உரிய கார்டும் மைக்ரோசாஃப்டின் சொந்த டிரைவரும் வேண்டும், க்யூட்மவுஸ் உதவாது.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. சுவிட்ச் பிசி பக்கம் இருந்தது. மாற்றியதும் காம்2, மைக்ரோசாஃப்ட் முறை என்று செய்தி வந்தது. கர்சரும் நன்றாக நகர்கிறது. ஆனால் நடுப் பொத்தான் வேலை செய்யவில்லையே?

பதில் 1:
மைக்ரோசாஃப்ட் முறையின் மூன்று பைட்டுகளில் இரண்டு பொத்தான்களுக்குத்தான் இடமுண்டு. நடுப் பொத்தான் தேவையென்றால் சுவிட்சை மீண்டும் பிசி பக்கம், அதாவது மவுஸ் சிஸ்டம்ஸ் பக்கம், தள்ளிவிட்டு, டிரைவரை ‘/எஸ்2’ என்ற குறியுடன் ஏற்றுங்கள். அப்போது அது காம்2-ஐ மட்டும் பார்க்கும். விண்டோஸ் 3.1 டாஸ் டிரைவரைப் பயன்படுத்துவதில்லை என்பதால், அதன் செட்டப்பில் காம்2-க்கான மவுஸ் சிஸ்டம்ஸ் மவுஸைத் தனியே தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும்.