டில்லிஞ்சர் படங்களில் எது உண்மைக்குப் பக்கத்தில் வருகிறது?

இரவுக்காட்சி:
நேற்று ராத்திரி ஜானி டெப் நடித்த 'பப்ளிக் எனிமீஸ்' பார்த்தேன். 1930-களின் அமெரிக்க வங்கிக் கொள்ளையர் ஜான் டில்லிஞ்சர் நிஜத்திலும் இப்படித்தானா? பழைய படங்களில் இதைவிட நன்றாக யாராவது செய்திருக்கிறார்களா?

பழையரீல்:
இடங்களைப் பொறுத்தவரை அந்தப் படத்தின் இயக்குநர் மைக்கேல் மானை அடித்துக்கொள்ள ஆளில்லை. டில்லிஞ்சர் தப்பிய கிரவுன் பாயின்ட் சிறை, கும்பல் பதுங்கியிருந்த விஸ்கான்சினின் லிட்டில் பொஹீமியா விடுதி, கடைசியில் அவர் சுடப்பட்ட சிகாகோவின் பயோகிராஃப் தியேட்டர் பக்கம் எல்லாம் சம்பவம் நடந்த அதே இடங்கள். விடுதியிலிருந்து காரில் கிளம்பிய அப்பாவிகளை அதிகாரிகள் சுட்டதையும் மறைக்காமல் காட்டுகிறார். 1934 ஏப்ரலில் அப்படித்தான் ஒருவர் செத்தார், டில்லிஞ்சரும் கூட்டாளிகளும் தப்பிவிட்டார்கள்.

ஆனால் சாவுகளின் வரிசையை மாற்றியதை என்னால் ஏற்கவே முடியவில்லை. படத்தில் அந்தக் காலத்தின் மற்ற கொள்ளையர்களான பிரிட்டி பாய் ஃபிளாய்டும் பேபி ஃபேஸ் நெல்சனும் டில்லிஞ்சருக்கு முன்பே சாகிறார்கள். உண்மையில் டில்லிஞ்சர் செத்தது ஜூலை 22. ஃபிளாய்ட் அக்டோபரில், நெல்சன் நவம்பரில். நாயகன் கடைசியாகச் சாக வேண்டும் என்பதற்காக வரலாற்றையே திருப்பிப் போடுவதா? 1973-இல் 'டில்லிஞ்சர்' படத்தை இயக்கிய ஜான் மிலியஸும் இதையேதான் செய்தார்.

இரவுக்காட்சி:
சரி, நடிப்பில் யார் சார்?

பழையரீல்:
முகவெட்டு என்றால் மிலியஸ் படத்தின் வாரன் ஓட்ஸ். அந்தக் கோணல் சிரிப்பும் மெல்லிய மீசையும் பழைய போலீஸ் புகைப்படத்திலிருந்து இறங்கி வந்த மாதிரி இருக்கும். வயதுதான் இடிக்கிறது. டில்லிஞ்சர் சாகும்போது 31, ஓட்ஸும் டெப்பும் நாற்பதைத் தாண்டியவர்கள்.

கருப்புவெள்ளை:
அப்படியானால் 1945-இல் வந்த 'டில்லிஞ்சர்' படத்தையும் பாருங்கள். அதில் டில்லிஞ்சராக நடித்த லாரன்ஸ் டியர்னிக்கு அப்போது இருபத்தைந்து, இருபத்தாறுதான். கவர்ச்சி காட்டாமல், இரக்கமே இல்லாத ஆளாக வருகிறார். டில்லிஞ்சர் உயிரோடு இருந்தபோதே, அவரைப் பற்றிப் படமே எடுக்கக்கூடாது என்று ஹாலிவுட் தயாரிப்பாளர் சங்கத் தலைவர் வில் ஹேஸ் ஸ்டுடியோக்களுக்கு உத்தரவு போட்டிருந்தார். அதையும் தாண்டி வந்த இந்தச் சின்ன பட்ஜெட் படம் திரைக்கதைக்கு ஆஸ்கர் பரிந்துரை வரை போனது.

பழையரீல்:
டியர்னி விஷயத்தில் முழுக்க ஒத்துப்போகிறேன். இருந்தாலும் டெப்பின் ஒரு காட்சியை விட்டுக்கொடுக்க மாட்டேன். தியேட்டர் இருட்டில் உட்கார்ந்து, செத்த அன்று டில்லிஞ்சர் பார்த்த அதே 'மன்ஹாட்டன் மெலோடிராமா' படத்தைப் பார்க்கிறார். திரையில் கிளார்க் கேபிள் மின்சார நாற்காலிக்குக் கிளம்புகிறார். டெப் ஒரு வார்த்தை பேசுவதில்லை, உதட்டோரம் லேசாக விரிகிறது, அவ்வளவுதான். அந்த இடத்தை மட்டும் ஓட்ஸோ டியர்னியோ தொடவில்லை.