கட்டாயத் தடுப்பூசி ஆணையால் ஐயம் தீருமா?

முதுநகரான் (கடலூர்), டிசம்பர் 2021:
புதுச்சேரி சுகாதாரத் துறை 1973ஆம் ஆண்டுப் பொதுச் சுகாதாரச் சட்டத்தின் கீழ் இம்மாதத் தொடக்கத்தில் ஓர் ஆணை பிறப்பித்து, கொரோனா தடுப்பூசியைக் கட்டாயமாக்கியுள்ளது. சென்ற டிசம்பரில் மத்திய சுகாதார அமைச்சகம் வெளியிட்ட கேள்வி பதில் தொகுப்போ, ஊசி போட்டுக்கொள்வது அவரவர் விருப்பம் என்றது. நான் இரண்டு தவணையும் போட்டுக்கொண்டவன். எனவே எதிர்ப்பாளன் என்ற முத்திரையை யாரும் எடுத்து வர வேண்டாம். மக்களின் ஐயத்துக்கு வாட்ஸ்அப் வதந்திகள் மட்டுமே காரணம் என்று சொல்லப்படுவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. ஜனவரி 3 அன்று கோவாக்சினுக்கு அவசர அனுமதி வழங்கப்பட்டபோது, 25,800 பேரிடம் நடத்தத் திட்டமிட்ட மூன்றாம் கட்டச் சோதனை நடந்துகொண்டுதான் இருந்தது. அந்த ஊசி எவ்வளவு பலன் தருகிறது என்பதற்கு ஓர் எண்கூட வெளிவரவில்லை. முன்களப் பணியாளர்கள் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட்டு அதைப் போட்டுக்கொண்டார்கள். இடைக்கால முடிவு மார்ச்சிலும், 77.8 விழுக்காடு பலன் என்ற இறுதி முடிவு ஜூலையிலும் வந்தன. ஊசி நல்லதாகவே அமைந்தது, அது வேறு. முடிவு வரும் முன்பே நம்பச் சொன்னவர்கள், நம்பாதவர்களை இப்போது தண்டிக்க முனைவது எந்த நியாயம்?

ஓய்வுபெற்ற செவிலியர் (லாஸ்பேட்டை):
ஐயா, ஜனவரியில் காட்டிய அவசரத்துக்கு நானும் வக்காலத்து வாங்கப் போவதில்லை. ஆனால் அந்த ஓர் அனுமதியைக் காட்டி, எல்லாத் தடுப்பூசிகளும் அரைகுறையாக வந்தவை என்று பேசுவது தவறு. ஆக்ஸ்போர்டு குழுவினர் மெர்ஸ் என்ற இன்னொரு கொரோனா வகை நோய்க்காக முன்பே மனிதர்களிடம் பரிசோதித்திருந்த கடத்தி வைரஸையே (மரபணுவை உடலுக்குள் எடுத்துச் செல்லும் தீங்கற்ற வைரஸ்) கோவிஷீல்டில் பயன்படுத்தினார்கள். கோவாக்சின், செயலிழக்கச் செய்த வைரஸைக் கொண்டு செய்யப்பட்டது. 1955 முதல் புழக்கத்தில் உள்ள சால்க் போலியோ ஊசியும் அதே வழியில் வந்ததுதான். வழக்கமாக ஒரு கட்டம் முடிந்து அடுத்த கட்டத்துக்குப் பணம் கிடைக்கவே ஆண்டுகள் ஓடும். இம்முறை கட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக நடந்தன, அனுமதி கிடைக்கும் முன்பே உற்பத்தியும் தொடங்கியது. நோய் ஊரெங்கும் பரவியிருந்ததால், ஊசி போட்டவர்களையும் போடாதவர்களையும் ஒப்பிடத் தேவையான எண்ணிக்கையும் சில மாதங்களிலேயே கிடைத்துவிட்டது.

நடிகர் விவேக் ஏப்ரல் 15 அன்று ஊசி போட்டு 17 அன்று இறந்ததைத்தான் இன்றும் எல்லோரும் என்னிடம் கேட்கிறார்கள். இதய ரத்தக்குழாய் அடைப்பு என்று மருத்துவர்கள் அன்றே கூறினார்கள். ஊசிக்குத் தொடர்பில்லை என்று பக்கவிளைவுகளை ஆராயும் மத்திய ஆய்வுக் குழுவும் அக்டோபரில் கூறிவிட்டது.

முதுநகரான்:
ஏப்ரலில் எழுந்த கேள்விக்கு அக்டோபரில் பதில் வந்தால், இடையிலுள்ள ஆறு மாதங்களை வதந்தி எடுத்துக்கொள்ளாமல் என்ன செய்யும், அம்மா? இங்கே கோவிஷீல்டு எனப்படும் ஆஸ்ட்ராஜெனகா ஊசியால் ரத்தம் உறையும் அரிய பக்கவிளைவை ஐரோப்பிய மருந்து முகமை ஏப்ரல் 7 அன்று ஒப்புக்கொண்டது. நம் நாட்டு ஆய்வுக் குழு மே 17 அன்றுதான், அப்படி ஐயத்துக்குரிய பாதிப்புகள் 26 என்றும், பத்து லட்சம் கோவிஷீல்டு தவணைகளுக்கு 0.61 என்றும் அறிவித்தது. மிகக் குறைவு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பிரிட்டனில் பத்து லட்சத்துக்கு 4 என்று பதிவானது, இங்கே அதில் ஆறில் ஒரு பங்குக்கும் குறைவு என்றால், நம் உடல்வாகு காரணமா, நம் பதிவேடு காரணமா? அந்த அரிதான ஒருவருக்குப் பாதிப்பு நேர்ந்தால் இழப்பீடு தர பிரிட்டனில் திட்டம் இருக்கிறது. இங்கே ஆணை மட்டும் இருக்கிறது.

மளிகை வணிகர் (முத்தியால்பேட்டை):
கடையில் வேலை செய்வோரில் சிலர் ஆறு மாதமாக 'நாளைக்கு' என்றார்கள். ஆணை வந்த வாரமே போட்டுக்கொண்டார்கள். அவர்களிடம் இருந்தது ஐயமன்று, சோம்பல். பெரியம்மைக்காக 1880இலேயே ஆங்கிலேயர் கட்டாயத் தடுப்பூசிச் சட்டம் கொண்டுவந்ததை மறந்துவிட்டீர்களா?

முதுநகரான்:
மறக்கவில்லை. சட்டம் வந்து 95 ஆண்டுகள் கழித்து, 1975இல்தான் இந்தியாவின் கடைசிப் பெரியம்மை நோயாளி பதிவானார். நோயை ஒழித்தவர்கள் வீடு வீடாகத் தேடிச் சென்ற பணியாளர்கள்.

தன்னார்வலர் (வில்லியனூர்):
அப்படி வீடு வீடாகச் செல்வதால் சொல்கிறேன். மூன்றாம் கட்டச் சோதனையைப் பற்றி இதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை. கேட்பவை இரண்டு. காய்ச்சல் வந்தால் இரண்டு நாள் கூலியை யார் தருவார்கள் என்பது ஒன்று. போட்ட பிறகும் பக்கத்து வீட்டுக்காரருக்குக் கொரோனா வந்ததே, பிறகு எதற்கு என்பது மற்றொன்று. இரண்டாவது கேள்வி எதிர்பார்ப்பிலிருந்து பிறந்தது. ஊசி போட்டால் நோயே அண்டாது என்று தொடக்கத்தில் மேடைதோறும் பேசினார்கள். அறிகுறியுள்ள நோயையும் மோசமான நிலையையும் எவ்வளவு குறைக்கிறது என்பதையே சோதனைகள் முதன்மையாக அளந்தன என்பதை யாரும் விளக்கவில்லை. போதாக்குறைக்கு, கோவிஷீல்டின் இரு தவணைகளுக்கு இடைவெளி 4 முதல் 6 வாரம் என்று தொடங்கி, 6 முதல் 8 ஆகி, தட்டுப்பாடு உச்சத்தில் இருந்த மே மாதத்தில் 12 முதல் 16 ஆனது. அதற்கு அறிவியல் காரணம் இருந்தது. ஆனால் மருந்து இல்லாததால்தான் நீட்டினார்கள் என்று எண்ணியவரை என்னால் குறை சொல்ல முடியவில்லை.

செவிலியர்:
இரண்டாம் அலையில் படுக்கை தேடி கடலூரிலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் புதுச்சேரி கோரிமேட்டு மருத்துவமனைக்கு ஓடி வந்த குடும்பங்களை நான் பார்த்தேன், அதனால் 0.61ஐயும் அந்த மே மாதத்தையும் ஒரே தராசில் வைக்க என் மனம் ஒப்பவில்லை. ஓமைக்ரான் இம்மாதம் கர்நாடகத்தில் தென்பட்டுவிட்டது. முதுநகரார் கேட்கும் இழப்பீட்டுத் திட்டம் வரட்டும், குழு அறிக்கைகள் மாதந்தோறும் வரட்டும். அவை வரும்வரை ஆணையை நிறுத்தி வைக்கச் சொன்னால் உடன்பட மாட்டேன்.

முதுநகரான்:
நிறுத்தி வைக்கச் சொல்லவில்லை, அம்மா. தன்னார்வலர் சொன்ன இரண்டு நாள் கூலியை ஆணையில் ஒரு வரியாகச் சேர்க்கட்டும். வணிகரும் தம் கடையில் அதைத் தருகிறாரா என்று இங்கேயே சொல்லட்டும்.