‘பருவங்கள்’ ஆவணப்படத்தில் பண்ணை எங்கே?

கதிர்வேல்: ஆர்மீனியாவின் ஆர்தவாஸ்த் பெலெஷ்யான் 1975-இல் எடுத்த ‘பருவங்கள்’, சோவியத் கால ஆடு மேய்ப்பவர்களின் அன்றாட உழைப்பைக் காட்டுகிறது என்று இங்கே பலரும் புகழ்வதை என்னால் ஏற்க இயலவில்லை. இத்தாலிய இசையமைப்பாளர் விவால்டியின் இசை முழங்க, ஆட்டை இறுக அணைத்தபடி ஆற்று வேகத்தில் அடித்துச் செல்லப்படும் மனிதர்களைக் கண்டு மெய்சிலிர்க்கிறது என்பதை மறுக்கவில்லை. ஆனால் அவர்களுக்குக் கூலி கொடுத்தது யார், மந்தைக்குக் கணக்குக் கேட்டது யார் என்பது குறித்து 29 நிமிடங்களில் ஒரு சொல்லும் இல்லை. நிலத்தையும் மந்தையையும் கூட்டாக நடத்திய சோவியத் கூட்டுப்பண்ணைகளின் உறுப்பினர்களுக்கு மாத ஊதியம் உறுதியானதே 1966-இல்தான். நாட்டுக்குள்ளேயே இடம்பெயரத் தேவைப்பட்ட உள்நாட்டுப் பாஸ்போர்ட்டை ஊர்ப்புறத்தாருக்கும் வழங்கும் ஆணை 1974-இல் வந்தும், வழங்கத் தொடங்கியது 1976-இல்.

தமயந்தி: கணக்கு வேண்டுமென்றால் அக்காலத்து அரசுச் செய்திப்படங்கள் இருக்கின்றனவே! ஆனால் அந்தக் கணக்கை நம்ப முடியுமா? இறைச்சியிலும் பாலிலும் அமெரிக்காவை எட்டிப்பிடிப்போம் என்று 1957-இல் சோவியத் தலைவர் குருஷேவ் அறைகூவிய பின், ரஷ்யாவின் ரியாசான் மாகாணம் 1959-இல் இறைச்சிக் கொள்முதலை மூன்று மடங்காக்குவதாக வாக்களித்து, கறவை மாடுகளை வெட்டியும் பிற மாகாணங்களில் வாங்கியும் இலக்கை நிரப்பியது. பாராட்டும் பதக்கமும் கிடைத்தன, தொழுவங்கள் வெறுமையாயின. எண்களே பொய்யாகிப்போன நாட்டில் வர்ணனைக் குரலை நீக்கியதை மறைப்பு என்று சொல்லலாகாது, அது ஒரு நிலைப்பாடு. செங்குத்துச் சரிவில் காய்ந்த புற்போரை இழுத்து இறக்கும் காட்சியை மறுபடி பாருங்கள்: போர் முதுகின்மேல் சரியாதிருக்கக் குதிகாலை ஊன்றி, உடம்பைப் பின்னுக்குச் சாய்த்து, சறுக்கிக்கொண்டே ஓடுகிறார்கள். குளிர்காலத் தீவனம் கீழே வந்து சேர்ந்தால்தான் மந்தை பிழைக்கும். இது உழைப்பு அல்லாமல் வேறென்ன?

கதிர்வேல்: ஊன்றிய குதிகால் தெரிகிறது. உலகெங்கும் டிராக்டர் ஏற்றுமதி செய்த நாட்டில் புல்லை ஏன் கையால் இழுக்க வேண்டியிருந்தது என்பது தெரியவில்லை.

இளவேனில்: அந்தச் சரிவில் டிராக்டர் உருண்டுவிடும் ஐயா. என் ஐயம் வேறு: கூட்டுப்பண்ணைக் குடும்பங்கள் சொந்தமாகவும் சில கால்நடைகளை வைத்துக்கொள்ள அனுமதி இருந்தது. ஆற்றில் அவர்கள் அணைத்துக்கொண்டிருப்பது பண்ணை ஆடா, வீட்டு ஆடா?

கதிர்வேல்: சரியான கேள்வி. சொந்த ஆட்டைக் காக்க ஆற்றில் இறங்குபவரையும், பண்ணைக்குப் பதில் சொல்ல வேண்டுமே என்று இறங்குபவரையும் படம் ஒரே வீரமாக ஆக்கிவிடுகிறது.

தமயந்தி: படம் அவர்களை வீரர்களாக்கவில்லை. பனிச்சரிவில் ஆட்டோடு உருள்வதையும் திருமணத்தையும் அடுத்தடுத்து வைத்து, இரண்டையும் அவர்களுடைய ஆண்டின் பகுதியாகவே காட்டுகிறது. ஆடு யாருடையதாயினும் அந்தக் குளிர்ந்த நீரில் நனைந்தது அவர்களுடைய உடம்பு.