சிகாகோவில் அப்பா முழம் போட்ட சுவர்

நாற்பது வருஷம் கொத்தனாராகவும் மேஸ்திரியாகவும் இருந்தவர் என் அப்பா. போன மே மாதம் சிகாகோவுக்கு வந்தபோது, நகர மையமான லூப் பகுதியின் பழைய கட்டடங்களை நடந்தே காட்டும் சுற்றுக்கு அவரைக் கூட்டிப் போனேன். தன்னார்வ வழிகாட்டி ஒருவர் பேசப் பேச, நான் காதோரம் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன்.

முதலில் ரூக்கரி கட்டடம், 1888இல் கட்டி முடித்தது. கட்டடக் கலைஞர் பிராங்க் லாய்ட் ரைட் பிற்பாடு மாற்றி அமைத்த வெள்ளைப் பளிங்குக் கூடத்தில் எல்லோரும் அண்ணாந்து படம் எடுத்தார்கள். அப்பா "நல்லா இருக்கு" என்றதோடு சரி.

மொனாட்நாக் கட்டடத்தின் முன்னால் வந்ததும் ஆளே மாறிவிட்டார். 16 மாடி. வடக்குப் பாதி 1891இல் முடிந்தது. வெளிச்சுவர் முழுக்கச் செங்கல், அதுதான் பாரத்தைச் சுமக்கிறது. பூவேலை எதுவும் கிடையாது. அடியில் சுவர் மெல்ல வளைந்து அகன்று தரையில் உட்காருகிறது. அப்பா வாசலோரம் போய்ச் சுவரின் கனத்தை முழம் போட்டார். "நாலு முழம் இருக்குப்பா." வழிகாட்டி அதற்குப் பிறகுதான் சொன்னார்: தரைமட்டத்தில் ஆறு அடி. அப்பாவின் கணக்கைச் சொன்னேன். மனிதர் கை கொடுத்தார்.

"ஏரிக்கரை மண்ணு இவ்வளவு எடையைத் தாங்குமா?" அப்பாவின் அடுத்த கேள்வி. மிச்சிகன் ஏரியை ஒட்டிய இந்த ஊரில் கீழே இருப்பது இளகிய களிமண். அதனால் எஃகு உத்தரங்களைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, கான்கிரீட் போட்டு, தெப்பம் மாதிரி அஸ்திவாரம் அமைத்தார்களாம். அப்படியும் கட்டியவர்கள் கணக்குப் போட்டதைவிடக் கூடுதலாகவே கட்டடம் இறங்கிவிட்டது. அப்பா தலையாட்டினார். களிமண்ணோடு அவரும் மல்லுக்கட்டியவர்தானே.

அப்புறம் தெற்குப் பாதிக்கு நடந்தோம். அது 1893இல் முடிந்தது. உள்ளே இரும்புச் சட்டகம், செங்கல் வெறும் போர்வை. இரண்டே வருஷ வித்தியாசத்தில் சுவர் மெலிந்துவிட்டது. அப்பா திரும்பத் திரும்ப இரண்டு பாதிகளுக்கும் நடுவில் நடந்தார். "இங்கதான் எங்க வேலை மாறிப்போச்சு" என்றார். எனக்குத் தொண்டை அடைத்தது.

சுற்று முடிந்தபின் நாங்களாகவே ஏரிப் பக்கம் போனோம். ஆர்ட் இன்ஸ்டிட்யூட் அருங்காட்சியகத்தின் அருகே ஒரு வளைவு வாசல் தனியாக நிற்கிறது. ஆட்லர், சல்லிவன் என்ற கட்டடக் கலைஞர்கள் 1894இல் கட்டிய பங்குச் சந்தைக் கட்டடத்தில் மிஞ்சியது. 1972இல் அதை இடித்தபோது, அலங்காரத் துண்டுகளைக் காப்பாற்ற உள்ளே போன புகைப்படக்காரர் ரிச்சர்ட் நிக்கல் இடிபாட்டில் சிக்கி இறந்துபோனார். சொன்னேன்.

"இடிக்கிற கட்டடத்துக்குள்ள ஆள் போகக்கூடாது" என்றார் அப்பா, வேலையாட்களைக் கண்டிக்கும் அதே குரலில். கொஞ்ச நேரம் கழித்துத் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, வளைவைத் தடவியபடி நின்றார்.