சிதறிக் கிடக்கும் கணக்குகளை ஒழுங்குபடுத்த வழிகாட்டுங்கள்

அனைவருக்கும் வணக்கம். 18 ஆண்டுகளில் நான்கு நிறுவனங்கள் மாறியதில், ஒவ்வோர் இடத்திலும் சம்பளத்துக்கென்று தொடங்கிய சேமிப்புக் கணக்குகளின் பாஸ்புக்குகளும் இரண்டு பழைய வருங்கால வைப்பு நிதி எண்களும் ஒரு பிஸ்கட் டப்பாவுக்குள் கிடக்கின்றன. நேற்று அதைத் திறந்தபோது, ஒரு பாஸ்புக்கில் கடைசி வரவு 2013 என்பது மட்டுமே தெரிந்தது. மற்ற வரிகளில் மை மங்கிவிட்டது.

பத்தாண்டுகள் இயக்கப்படாத கணக்கின் தொகை ரிசர்வ் வங்கியின் நிதிக்கு மாற்றப்பட்டாலும், உரியவர் தம் வங்கி வழியாக அதைத் திரும்பப் பெறலாம் என்பதையும், உரிமை கோரப்படாத வைப்புத்தொகைகளைத் தேட ரிசர்வ் வங்கி 2023-இல் தொடங்கிய உத்கம் இணையதளத்தில் தேடலாம் என்பதையும் அறிவேன். என் சிக்கல் பெயரில்தான் இருக்கிறது. பழைய கணக்குகளில் பெயருக்கு முன் இனிஷியல் மட்டும் உள்ளது. ஆதாரிலும் பான் அட்டையிலும் அப்பாவின் முழுப்பெயர் பின்னால் வருகிறது. இரண்டு பெயர்களும் என்னையே குறிக்கின்றன என்று நோட்டரி முன் உறுதிமொழிப் பத்திரம் கொடுத்தால் வங்கியில் ஏற்றுக்கொள்கிறார்களா? வைப்பு நிதியில் பெயரைத் திருத்திய பிறகுதான் பழைய எண்களை இணைக்க வேண்டுமா?

எல்லாக் கணக்குகளிலும் நியமனதாரர் (நாமினி) அம்மாதான். அவர் காலமாகி மூன்றாண்டுகள் ஆகின்றன. என் பிள்ளைகள் இந்த டப்பாவோடு அலையக் கூடாது என்பதே என் கவலை. இதே நிலையைக் கடந்தவர்கள், எதை முதலில் முடித்தீர்கள் என்று தயவுசெய்து எழுதுங்கள்.