14 அடி அலுமினிய வள்ளம்: ஓடேக்கை மட்டும் தண்ணி ஏறுது

கரைவலை:
ரிவெட் (தகடுகளைப் பொருத்திற தலையுள்ள ஆணி) அடிச்ச பழைய வள்ளம், 9.9 குதிரைவலு மோட்டர். சிம்கோ ஏரியில ஒரு மணித்தியாலம் ஓடினால் பின்பக்கம் ஒரு வாளித் தண்ணி நிக்குது. கட்டி வைச்சால் பெரிசா வாறதில்லை. வெளியால சிலிக்கோன் பூசியும் நிக்கேல்லை. எங்கையிருந்து தொடங்கிறது, அண்ணைமார்?

தெளிதண்ணி:
தம்பி, பின்பக்கம் நிக்குது எண்டதுக்காக ஓட்டையும் பின்பக்கம் எண்டு நினைக்காதேங்கோ. ஓடேக்கை அணியம் (முன்பக்கம்) எழும்பும், முன்னால வாறதும் பின்னாலதான் சேரும். ஓடேக்கை மட்டும் வருதெண்டால் பெரும்பாலும் தளர்ந்த ரிவெட். அலை அடிக்கேக்கை தகடு நெளியும், அப்ப வாய் திறக்கும்.

ட்ரெய்லரிலையே வைச்சு, தண்ணி வடியிற துளையின்ரை பிளக்கைப் பூட்டி உள்ளுக்குத் தண்ணி விடுங்கோ. 5 சென்ரிமீற்றர் காணும். சதுர மீற்றருக்கு அதுவே 50 கிலோ. விளிம்பு வரை நிரப்பினால் தாங்கலில்லாத இடத்தில தகடு வளைஞ்சு புது ஒழுக்கு வரும். முதல் அணியத்தை உயர்த்திப் பின்பக்கம், பிறகு பதிச்சு முன்பக்கம். அடியை நல்லாத் துடைச்சுச் சோக்குத் தூள் தூவுங்கோ. ஒழுகின தண்ணி ஏரா (அடியின்ரை நடுமுதுகு) வழிய ஓடி வேறெங்கையோ சொட்டும், அதால சொட்டிற இடத்தை நம்பேலாது. தூள் முதல் கறுக்கிற புள்ளிதான் ஓட்டை. உடனை மார்க்கரால வட்டம் போடுங்கோ.

சுத்தியல்:
தண்ணி காட்டாததை விரல் காட்டும். ஒராள் உள்ளுக்குத் தட்ட, மற்றாள் வெளியால ரிவெட் தலையில விரலை வைச்சுப் பார்க்கவேணும். அதிருற தலை தளர்ந்தது. தலையைச் சுத்திக் கறுப்பு வளையம் இருந்தாலும் அதுதான்: ரிவெட் ஆடி உரஞ்சின அலுமினியத் தூள்.

அதை எந்தப் பசையும் பிடிச்சு வைக்காது, திரும்ப இறுக்கவேணும். உள்ளுக்கு வால்பக்கம் 2, 3 கிலோ இரும்புக் கட்டியை அழுத்திப் பிடிச்சு, வெளியால குழிவாய் உளியைத் தலையில வைச்சு நாலைஞ்சு அடி. கனக்க அடிச்சால் தலை வெடிக்கும்.

இறுகாட்டில் துளைச்சு எடுங்கோ. துளை நீண்டு போயிருந்தால் 3/16 அங்குலத்துக்குப் பதிலா 1/4. நீளம்: தகடுகளின்ரை மொத்தத் தடிப்போடை ரிவெட் விட்டத்தின்ரை ஒண்டரை மடங்கு. 1.6 மில்லிமீற்றர் தகடு ரெண்டுக்கு 3/16 ரிவெட் எண்டால் கிட்டத்தட்ட 10.3 மில்லிமீற்றர். த்ரீ எம் 5200 எண்ட வள்ளப் பசையில தோய்ச்சு அடியுங்கோ.

இருக்கைக்குக் கீழ கை போகாட்டில் மூடின முனை பொப் ரிவெட் (ஒரு பக்கத்தாலேயே தண்டை இழுத்து இறுக்கிறது), தண்டும் அலுமினியமா இருக்கவேணும். சாதாரண பொப் ரிவெட்டின்ரை நடுத்துளையாலேயே தண்ணி வரும்.

கரைவலை:
பூசின சிலிக்கோனை என்ன செய்யிறது? வெல்டிங் சரிவராதோ?

தெளிதண்ணி:
வேண்டாம். அந்தச் சூட்டில பக்கத்து ரிவெட்டுகளும் இளகும். சிலிக்கோன் முழுக்கப் போகவேணும், அதுக்கு மேல வேறொண்டும் ஒட்டாது. வினாகிரி மணக்கிற வகை அலுமினியத்தையும் அரிக்கும். பிளாஸ்ரிக் சுரண்டியால எடுத்து, ஸ்டெயின்லெஸ் பிரஷ் போட்டு, அசிற்றோனால துடையுங்கோ. தகடு பொருத்துகளுக்கு உள்பக்கத்தாலை குளுவிட் எண்ட எப்பொக்ஸி ரெண்டு பூச்சு. பூசமுதல் ஹீற் கன்னால இளஞ்சூடாக்கினால் இடுக்குக்குள்ள இறங்கும்.

சுத்தியல்:
பிளக் சட்டத்தின்ரை ரிவெட்டுகளையும் மோட்டர் போல்ற்றுகளையும் விட்டிடாதேங்கோ. பின்பலகை (மோட்டர் பூட்டிற பலகை) மாத்திறதெண்டால் செம்பு மருந்தேத்தின பலகை போடவேண்டாம், அலுமினியத்தைத் தின்னும். சாதாரண 5200 முழுசா இறுக ஒரு கிழமை போகும். அதுக்குப் பிறகு தண்ணி விட்டு, சோக்குத் தூளோடை திரும்பப் பாருங்கோ.